பொடியெழுத்தாரும் என் நெஞ்சுவலியும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துச் சல்லடை போட்டுத் தேடினாலும், நோயைவிட அதிகமாக ஜனங்களைப் பயமுறுத்திய ஆள் ஒருவர்தான் கிடைப்பார். அவர் டாக்டர் இல்லை. ஜோசியர் இல்லை. வட்டிக்குக் கொடுப்பவரும் இல்லை. கையில் ஒரு பூதக்கண்ணாடி மட்டும் உண்டு. கறுப்புக் கயிறு கட்டி அதைக் கழுத்தில் மாட்டியிருப்பார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயர் பொடியெழுத்து. மரியாதை தெரிந்தவர்கள் பொடியெழுத்தார் என்பார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

பல வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ்ஸில் பிழை திருத்தியவர். பிரஸ்ஸை மூடியபிறகு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பார், படிவம் நிரப்பிக் கொடுப்பார். எதிலெல்லாம் பொடி எழுத்து இருக்கிறதோ அதையெல்லாம் படிக்காமல் அவரால் இருக்க முடியாது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் படிப்பார். தைலப் பாட்டிலின் அடிப்பக்கம் படிப்பார். ஒரு காதுகுத்து விருந்தில், இலைக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீர் பாட்டிலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் போன மாசமே குடிச்சிருக்கணும்" என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னார். அந்தப் பந்தியில் யாருமே தண்ணீர் குடிக்கவில்லை. விக்கல் எடுத்தவர்கள்கூட மோர் கேட்டார்கள்.

இப்படிப்பட்டவர் கையில் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு பக்கம், அத்தனையும் பொடி எழுத்து. ஊரில் பாலிசி எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை அவரிடம் காட்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. அவர் காசு வாங்க மாட்டார். ஒரு பக்கத்தைக் கூடத் தாண்ட மாட்டார். கடைசியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிரில் இருப்பவரைப் பார்த்து மெதுவாக ஒரு வரி சொல்வார்.

"இதுல ஒண்ணு சொல்லியிருக்கான், பாத்தீங்களா?"

இந்த ஒரு வரியில் வியர்த்துப் போனவர்கள் எங்கள் தெருவிலேயே பதினைந்து பேர் இருப்பார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "என் பாலிசியில கண்ணு ஆபரேஷனுக்கும் உண்டு, தெரியும்ல?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பொடியெழுத்தார் பதினோராம் பக்கத்தைத் திருப்பினார். "உண்டுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் கொஞ்சம் பாத்து நடங்க" என்றார். வாத்தியார் போகும்போது படியில் தடுக்கி விழப் பார்த்தார். காப்பீட்டு ஏஜெண்டுகள் எங்கள் தெருவழியாக வருவதையே விட்டுவிட்டார்கள். மெயின் ரோடுக்குப் போக அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. படிவத்தில் இம்மியும் பொய் இருக்கக் கூடாது. எங்கள் தெரு ஆட்டோ மணி, தன்னை வளர்த்த சின்னம்மாவைப் பாலிசியில் சேர்க்க வந்தான். உறவு என்ற இடத்தில் 'அம்மா' என்று சொன்னான். பொடியெழுத்தார் பேனாவை மூடிவிட்டார்.

"பெத்தவங்களா?"

"வளத்தவங்க சார். ரெண்டும் ஒண்ணுதானே."

"உனக்கு ஒண்ணு. படிவத்துக்கு ரெண்டு. இல்லாத உறவை எழுதினா அதுவும் பொய்தான்."

மணி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. என் மனைவி செல்வி ஒருநாள், "அண்ணே, காப்பி சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிட்டதற்கு, "நான் உங்க கூடப் பொறக்கலைங்க, சார்னே கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார். செல்விக்கு முகம் விழுந்துவிட்டது. "என்னா மனுசன் இவரு, ஒரு அண்ணேக்குக்கூட ரசீது கேப்பாரு போல" என்றாள். நானும் அவரும் எதிரெதிர் வீடு. அப்போதே பதினான்கு வருஷமாக அவர் எனக்கு சார், நான் அவருக்கு சார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இதில் வீரம் எதுவும் கிடையாது, ஆரம்பம் முதல் கடைசி வரை பயம்தான்.

நான் அப்போது ஒரு விதைக் கம்பெனியில் இருந்தேன். கம்பெனியே எங்கள் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்திருந்தது. அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. கம்பெனி ஆபீஸை வேறு ஊருக்கு மாற்றிவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது, காப்பீடும் கூடவே போய்விட்டது. எனக்கு ஒரு மக்காச்சோளக் கமிஷன் மண்டியில் வேலை கிடைத்தது. காப்பீடு மட்டும் கிடைக்கவில்லை. நாமே தேடி எடுத்தால்தான் உண்டு.

இங்கேதான் என் குட்டு இருந்தது. வேலை போவதற்கு எட்டு மாதம் முன்னால் கம்பெனி விஷயமாகத் திருச்சிக்குப் போனபோது, மாடிப்படி ஏறுகையில் நெஞ்சைப் பிடித்தது. ஒரு டாக்டரைப் பார்த்தேன். பரிசோதனை எல்லாம் செய்துவிட்டு, இதயத்துக்குப் போகும் ஒரு குழாயில் அடைப்பு இருக்கிறது, இப்போதைக்கு மாத்திரை போதும், விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டேன். காரணம், என் மகள் தேன்மொழிக்கு அப்போது மீன்சுருட்டியில் ஒரு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். நல்ல இடம். பையன் தங்கமான பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சில் கோளாறு என்று தெரிந்தால், நாளைக்குச் சீர் செனத்தி யார் செய்வது, இது பரம்பரையாக வருமா என்று ஆயிரம் கேள்வி கிளம்பும். சம்பந்தம் அப்படியே ஆறிப்போய்விடும்.

அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி முருகானந்தம். பாடாலூரில் இருக்கிறான். அவன் பெண் எடுத்த ஊர் மீன்சுருட்டி. இன்னொரு விசேஷம், அவனே மருத்துவக் காப்பீட்டு ஏஜெண்டும்கூட. ஆக, என் பாலிசிக்கு ஏஜெண்டும் அவன், என் மகள் கல்யாணத்துக்குத் தரகனும் அவன். அவன் நீட்டிய படிவத்தில் 'இதய நோய் உண்டா' என்று இருந்தது. உண்டு என்று எழுதினால் மாலைக்குள் அது மீன்சுருட்டிக்குப் போய்விடும்.

"மாமா, இதெல்லாம் சும்மா கேக்கறதுதான். எல்லாத்துலயும் 'இல்லை' அடிச்சிடுவோம்" என்றான் அவனே.

"அடிச்சிடு" என்றேன். சொல்லும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. அது நோயா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

செல்விதான் வினையை இழுத்து வைத்தாள். "எதுக்கும் எதுத்த வூட்டு சாருகிட்ட ஒரு வார்த்தை காட்டிடுவோம்" என்றாள். முருகானந்தம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே அடுத்த தெருவுக்குப் போய், அங்கிருந்து ஸ்டார்ட் பண்ணிப் போய்விட்டான்.

பொடியெழுத்தார் வந்தார். எங்கள் சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்தார். கேள்விகள் ஆரம்பித்தன. ரத்தக் கொதிப்பு? இல்லை. சர்க்கரை? இல்லை. ஆஸ்த்மா? இல்லை. மூலம்? "சார், லேடீஸ் இருக்காங்க." இருக்கட்டும், உண்டா இல்லையா? இல்லை. இதயம்?

"இல்லைங்க சார்" என்றேன்.

அவர் எழுதாமல் மேசையை ஆட்டிப் பார்த்தார். "மேசை ஆடுதே" என்றார். ஆடாமல் இருக்கச் செல்வி ஒரு காலுக்கு அடியில் எதையோ மடித்துச் செருகியிருந்தாள். அது நழுவியிருந்தது. குனிந்து எடுத்தவர், பழக்கதோஷம், கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உயிர் போய் வந்தது. அது காலியான மாத்திரை அட்டை. என் சட்டைப்பையில் இருந்ததைத் துவைக்கும்போது செல்வி எடுத்திருக்கிறாள். கேட்டதற்கு வாயு மாத்திரை என்று சொல்லியிருந்தேன். அதை மேசைக்குக் கொடுத்துவிட்டாள்.

அவர் அட்டையின் இரண்டு பக்கமும் படித்தார். ஒரு யுகம் ஆனது. பிறகு அதைப் பழைய மடிப்பிலேயே மடித்து, மேசைக்காலுக்கு அடியில் செருகினார். "இப்ப ஆடலை. மீதியை நாளைக்குப் பாத்துக்கலாம் சார்" என்று எழுந்து போய்விட்டார். அன்று நான் சாப்பிட்ட சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாது.

மறுநாள் பதினோரு மணிக்கு மண்டிக்கே வந்துவிட்டார். மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் போட்டேன்.

"எவ்வளவு நாளாச் சாப்பிடுறீங்க?"

"எதை சார்?"

"மேசைக்குக் குடுத்திருக்கீங்களே, அதை."

"அது வாயுவுக்கு..."

"ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரைங்க அது. மேசைக்கு நெஞ்சு கிடையாது. என்னா நடந்துச்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். திருச்சி மாடிப்படி, டாக்டர், மீன்சுருட்டி, எல்லாம் கொட்டிவிட்டேன். கல்யாணம் முடிகிறவரை வெளியே தெரிந்தால் நான் செத்தேன் என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"சரி, 'இல்லை'ன்னே எழுதிடலாம். என்னைக்காவது வலி வரும். ஆஸ்பத்திரியில சேப்பாங்க. கம்பெனிக்காரன் ஒரே ஒரு கேள்வி கேப்பான், எப்பலேருந்துன்னு. திருச்சி டாக்டர் சீட்டுல தேதி இருக்கு. முடிஞ்சிது. பாலிசியே இல்லைன்னுடுவான். வீட்டுல எதை விப்பீங்கன்னு இப்பவே முடிவு பண்ணிடுங்க, அதையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். கீழப்பழுவூர்ல. சிமெண்டு லாரி ஓட்டினான். சுகர் இருந்துச்சு. அவன் படிவத்தை நான்தான் நிரப்புனேன். 'அண்ணே, இல்லைன்னு போட்டா ஒண்ணும் ஆவாதுல்ல'ன்னு கேட்டான். எல்லாரும் இப்படித்தான்டா எழுதறாங்கன்னு நானே டிக் அடிச்சேன். அப்புறம் கிட்னி போச்சு. பணம் கேட்டு எழுதினோம். கம்பெனிக்காரன் என் டிக்கைப் பெருசு பண்ணி ஜெராக்ஸ் எடுத்து அனுப்புனான். பிரஸ்ல பழகின கையில்லையா, அவ்வளவு தெளிவா அடிச்சிருந்தேன்."

மூட்டை இறக்குகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி என்ன ஆனான் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

அன்று மத்தியானமே வீட்டுக்குப் போய்ச் செல்வியிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து மேசைக்கால் அடியிலிருந்து அந்த அட்டையை எடுத்து, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த மேசையிலதான உங்களுக்கு உப்பும் எண்ணெயுமா வத்தக்குழம்பும் அப்பளமும் போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு அழுதாள். பிறகு தம்பிக்குப் போன் போட்டாள்.

"முருகா, மாமாவுக்கு நெஞ்சுல அடைப்பு இருக்காம். உள்ளதைத்தான் எழுதப் போறோம்."

"அக்கா, மீன்சுருட்டிக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். நீயே போயிச் சொல்லிடு. மறைச்சுப் பொண்ணைக் குடுத்துட்டு தினமும் என்னால பயந்துக்கிட்டு இருக்க முடியாது."

நான்காம் நாள் மாப்பிள்ளையின் அப்பா வந்தார். தனியாக வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் சிரிப்பே இல்லை. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று முடிவு செய்துவிட்டோம். தேன்மொழி சமையலறையில் போய் நின்றுகொண்டாள். கொடுத்த காப்பியை அவர் தொடவில்லை. வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏதோ கண்ணாடி வெச்சுப் படிக்கிறவராமே. அவரு வூடு எதுங்க?"

எதிர்வீட்டுக்கு அழைத்துப் போனேன். உட்கார்ந்ததும் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். என் மாத்திரையேதான். அதே கம்பெனி, அதே நிறம். பெண் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அவர் மோட்டார் கொட்டகையில் ஒளித்து வைத்திருந்தாராம். பொடியெழுத்தார் கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு சொல்லியிருக்கான், பாத்தீங்களா? சாப்பாட்டுக்கு அப்புறம் போடணும்னு. நீங்க ரெண்டு பேரும் முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி" என்றோம் இரண்டு பேரும். அத்தோடு சம்பந்தம் உறுதியாகிவிட்டது. கல்யாணப் பந்தியில் எங்கள் இருவர் இலைக்கும் நடுவில் பொடியெழுத்தார் நின்றுகொண்டு, வடை வரும்போதெல்லாம் கையைக் குறுக்கே நீட்டினார். சமையல்காரர் அவரைப் பெண்ணுக்குப் பெரியப்பா என்று நினைத்து ஏகப்பட்ட மரியாதை கொடுத்தார்.

உண்மையை எழுதியாயிற்று. இனி உண்மையை ஏற்கிற கம்பெனி வேண்டும். முதல் கம்பெனி முடியாது என்றது. இரண்டாவது, சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் இதயத்துக்கு மட்டும் என்றைக்கும் தர மாட்டேன் என்றது. "கை, கால், மூக்கெல்லாம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு எதுக்குப் பாலிசி?" என்று அதைத் தள்ளினார். மூன்றாவது, கொஞ்சம் கூடுதலாகக் கட்டு, மூன்று வருஷம் பொறு, அதன்பிறகு இதயத்துக்கும் தருகிறேன் என்றது. பதினெட்டாம் பக்கம் வரை படித்தபிறகு அவர் முகம் முதல்முறையாக லேசாக மலர்ந்தது. ரூம் வாடகைக்கு வரம்பு இல்லையாம். வரம்பு இருந்து, நாம் அதைத் தாண்டிய ரூமில் படுத்துவிட்டால், டாக்டர் பீஸிலிருந்து எல்லாவற்றிலும் வெட்டிவிடுவார்கள் என்று விளக்கினார். "இது உங்க ஒருத்தருக்குத் தனி. வீட்டு அம்மாவுக்கு வேற பாலிசி. உங்க நெஞ்சையும் அவங்க முழங்காலையும் ஒரே பையில போடக் கூடாது" என்றார்.

அதோடு விடவில்லை. பணம் கட்டாமல் சேர்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரிகள் என்று கம்பெனி கொடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டு, பெரம்பலூர், அரியலூர், திருச்சி என்று பஸ் ஏறி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். ஒன்று ஜவுளிக்கடையாகியிருந்தது. உள்ளே போய்த் துண்டு ஒன்று வாங்கிவந்தார். மற்ற இடங்களில் கவுண்டரில் நின்று, "நெஞ்சுவலின்னு வந்தா இந்தக் கார்டு செல்லுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"செல்லும். பேஷண்ட் எங்க?"

"பெரம்பலூர்ல இருக்காரு. இன்னும் வலி வரல."

கடைசியில் திருச்சி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒத்திகை என்று அறிவித்தார். நான் நாற்காலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய வேண்டும். செல்வி பிரிட்ஜ் மேல் இருக்கும், பாலிசித் தாள்கள் வைத்த நீலப் பைலை எடுத்துக்கொண்டு ஆட்டோ மணிக்குப் போன் செய்ய வேண்டும். மணி ஆட்டோவோடு வர வேண்டும். சின்னம்மா விஷயத்தில் வந்த கோபம் ஆறி மணி அப்போது சமாதானமாகியிருந்தான். பொடியெழுத்தார் கடிகாரத்தைப் பார்த்து, "வலி வந்துடுச்சு" என்றார். நான் சாய்ந்தேன். மணியும் இன்னும் இரண்டு பேரும் என்னைத் தூக்கி ஆட்டோவில் வைக்கும்போது, கீரை விற்கும் அம்மாள் தெருமுனையில் வந்துவிட்டாள். "ஐயோ, நேத்துதானே ரெண்டு கட்டு முளைக்கீரை வாங்கினாரு" என்று கூடையை இறக்கிவிட்டு மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான் ஆட்டோவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினேன். அழுகை இன்னும் கூடிவிட்டது.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டோவில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபோது, என்றைக்கோ ஒருநாள் இது நிஜமாக நடக்கும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வாசலில் அவர் கடிகாரத்தை நிறுத்தினார்.

"பத்தொம்பது நிமிஷம். ஜாஸ்தி சார். நீங்க செருப்பைத் தேடினதுல ரெண்டு நிமிஷம் போயிடுச்சு. நெஞ்சுவலிக்காரருக்குச் செருப்பு எதுக்கு?"

மூன்று வருஷக் காத்திருப்பு தொடங்கியது. காலையில் நான் ஸ்கூட்டரை எடுக்கும்போது எதிர் கேட்டில் நிற்பார். "இன்னும் எழுநூத்தி எட்டு நாள் சார். நெஞ்சைப் பத்திரமா வெச்சுக்குங்க." மறுநாள் எழுநூற்றி ஏழு. மழை பெய்தாலும் குடை பிடித்துக்கொண்டு வந்து சொல்வார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் ஒவ்வொரு காலையும் நாள் குறித்துக்கொண்டு போவது போல இருந்தது. மாடிப்படியைப் பார்த்தாலே பயம். கோபம் வந்தால் பயம். மூன்று வருஷம் யாரோடும் சண்டை போடாமல் இருந்ததில் மண்டியில் எனக்கு நல்ல பெயர் வந்தது.

கடைசி நாள் கழிந்த காலை ஒரு பொட்டலம் லட்டோடு வந்தார். "இனிமே எப்ப வேணாலும் வரலாம் சார், தாராளமா" என்றார். செல்வி அவரை முறைத்த முறைப்பை நான் மறக்க மாட்டேன். லட்டை எனக்குக் கொடுக்கவும் இல்லை. எனக்கு ஆகாது என்று அவரே சாப்பிட்டுவிட்டார்.

அதற்கு ஐந்தாம் மாதம் வலி வந்தது. மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சின் மேல் யாரோ ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. இடது கை மரத்தது. சாகப் போகிறோம் என்ற பயத்தை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியாது. தேன்மொழி முகம் வந்தது, அவள் வயிற்றில் இருந்த குழந்தை ஞாபகம் வந்தது. மண்டிக்காரர்கள் செல்விக்குப் போன் செய்தார்கள். செல்வி நீலப் பைலோடு மணியின் ஆட்டோவில் ஏறி வந்து என்னை அள்ளிக்கொண்டு போனாள். நான் செருப்புப் போடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து காப்பீட்டுக் கம்பெனிக்கு விவரம் போனது. கம்பெனி ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. எப்பலேருந்து? செல்வி பைலைப் பிரித்து, படிவத்தின் நான்காம் பக்கத்தைக் காட்டினாள். திருச்சி டாக்டர் பார்த்த தேதி, மாத்திரையின் பெயர், எல்லாம் பொடியெழுத்தாரின் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. அரை நாளில் அனுமதி வந்துவிட்டது. அதற்குள் அவரும் பஸ் பிடித்து வந்து சேர்ந்து, ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்துக் கேட்ட தாளை வாங்கி, கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் இரண்டு முறை வந்து பார்த்தார்.

"பெரியவரே, அவருக்கு நேரம் ஆவுதுங்க."

"ரெண்டாவது பாராவுல ஒண்ணு சொல்லியிருக்கீங்க. படிச்சிருக்கீங்களா டாக்டர்?"

டாக்டர் படித்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. செல்வி பூதக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டாள். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒருநாள் கேட்டேன். "சார், உங்க பாலிசி எந்தக் கம்பெனி?"

"எனக்கு இல்லைங்க."

"ஊருக்கெல்லாம் பாத்துக் குடுக்கறீங்க."

"நாலு கம்பெனிக்குப் போட்டேன். எனக்கு இருக்கற நோவையெல்லாம் எழுதினேன். எடம் பத்தலைன்னு தனித்தாள் வேற இணைச்சேன். நாலு பேரும் திருப்பிட்டாங்க. ஒருத்தன் மட்டும் போன் பண்ணி, சார், இப்ப எப்படி இருக்கீங்கன்னு விசாரிச்சான். நல்ல பையன். கவர்மெண்டு கார்டு ஒண்ணு இருக்கு, அது போதும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்காக நான் பயப்பட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை, அரியலூர் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. ஒரு நர்ஸ் பேசினார். ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, பஸ்ஸில் மயங்கி விழுந்தவரைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள் என்றார். நான் கேள்விப்படாத பெயர். எனக்கு அப்படி யாரையும் தெரியாது, தப்பான நம்பர் என்றேன்.

"நீங்க அவரோட தம்பிதானே சார்?"

"எனக்கு அண்ணனே கிடையாதுங்க."

"படிவத்துல உங்க பேருதான் போட்டிருக்காரு. கழுத்துல ஒரு பூதக்கண்ணாடி மாட்டியிருக்காரு."

நான் ஓடினேன். செருப்பு போட்டேனா என்று நினைவில்லை. (ஆள் பிழைத்துவிட்டார், வாசகர்கள் பதற வேண்டாம். பித்தப்பையை எடுத்தார்கள். எடுத்ததை என்ன செய்வார்கள் என்று எந்தத் தாளிலும் போடவில்லை என்று இன்றைக்கும் அவருக்கு மனக்குறை.) ஆனால் அன்று வார்டில் அவரைப் பார்த்தபோது அது எதுவும் எனக்குத் தெரியாது. சுருங்கிப்போய்ப் படுத்திருந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஊரையே பயமுறுத்திய ஆள் யாரும் துணை இல்லாமல் பயப்படும்போது பார்க்கச் சகிக்கவில்லை.

நர்ஸ் படிவத்தை நீட்டினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரும் நம்பரும் இருந்தன. உறவு என்ற இடத்தில், நடுங்கும் கையெழுத்தில், 'தம்பி' என்று எழுதியிருந்தார்.

நான் படிக்கிறேன் என்று தெரிந்ததும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவசரத்துல எழுதிட்டேன் சார். தப்பா இருந்தா அடிச்சிடுங்க."

தம்பிக்காகப் போட்ட அந்த ஒரு டிக்குக்குப் பிறகு, படிவத்தில் பொய்யே எழுதாத மனிதர் அவர். அடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "தப்பு ஒண்ணும் இல்லைண்ணே" என்றேன்.